சருகுமான் குடுத்த கேடயம்

சுங்கை சிப்புட்டுல ஈப்போ பஸ் ஏறுனேன். எனக்குப் படிப்புதான் மண்டையில ஏறல, காது நல்லாவே கேக்கும். முன் சீட்டுல ஒரு அக்கா புருஷன்கிட்ட சொல்லுது:

"மேடையில கேட்டா, பாசமா வளத்தேன்னு சொல்லுங்க. மசாலா அரைக்கச் சொன்னத உளறாதீங்க."

"சருகுமான் கண்ணியில விழுந்தப்போ புரட்டாசி விரதம்லா. முடியட்டும்னு கோழிக்கூண்டுல போட்டு தழை குடுத்தேன். அதுக்குள்ள இயற்கைச் சங்கத்துக்காரங்க பாத்துட்டு, 'உயிரக் காப்பாத்திட்டீங்க'ன்னு கையக் குலுக்கி, காட்டுல விட தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"இன்னிக்கி வருஷக் கூட்டத்துல மாலை போட்டு கேடயம் குடுக்கறாங்க. நம்ம தோட்டத்து லயத்து வீட்டுக்காரங்க எல்லாருக்குமே பெருமை. வாயத் தொறக்காம வாங்கிட்டு வாங்க."

"சரிலா. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன்."

"என்னத்த?"

"எந்தக் காட்டுல விட்டாங்கன்னு. புரட்டாசிதான் முடிஞ்சிருச்சே."