மாசம் எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்

முருகேஸ்வரி: ...இல்ல, நான் பி.காம் இல்ல. அத மொதல்ல சொல்லிருதேன்.

பாலகணேஷ்: பயோடேட்டால அப்படித்தான போட்டிருந்துச்சு?

முருகேஸ்வரி: அப்பா போட்டது. தரகர் அண்ணாச்சி என் படிப்பு பேர ரெண்டு மட்டம் வாசிச்சுட்டு, ‘இத எந்த மாப்பிள்ள வீட்டுக்கு நான் வெளங்க வைக்க’ன்னு கேட்டாவளாம். ஒடனே மாத்திட்டாவ.

பாலகணேஷ்: அப்போ என்னதான் படிச்சிருக்கிய?

முருகேஸ்வரி: பல்துறைப் படிப்பு, நாலு வருசம். கடலு, சரக்குப் போக்குவரத்து, சட்டம், கம்ப்யூட்டரு... எல்லாம் சேத்து.

பாலகணேஷ்: கலப்படம்னு சொல்லுங்க.

முருகேஸ்வரி: ஒங்க கடையில ஆணியும் பெயிண்டும் ஒண்ணாத்தான விக்கிய? அது கலப்படமா?

பாலகணேஷ்: சரி சரி... தெரியாம சொல்லிட்டேன்.

அம்மா: ஏளா! மாடியில இன்னும் என்ன பேச்சு? அவ்வொ அம்மா பூவ கையில வச்சுக்கிட்டு இருக்காவ!

முருகேஸ்வரி: அஞ்சு நிமிசம்மா!... பாத்தியளா, இதான் எனக்குப் பயம். நீங்க கீழ போய் தலையாட்டுனதும் பூ வச்சிருவாவ. அதுக்குப் பெறகு சொன்னா ஏமாத்துன மாதிரி.

பாலகணேஷ்: படிப்பு பேரு மாறுனதுக்கா இவ்வளவு...

முருகேஸ்வரி: அது இல்ல. படிச்சதுக்கு லோன் இருக்கு. வீட்டுல சொல்லக்கூடாதுன்னுட்டாவ.

பாலகணேஷ்: ...எவ்வளவு?

முருகேஸ்வரி: அஞ்சு லட்சம் வாங்குனது. ரெண்டு வருசமா கட்டுதேன். இன்னும் ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி.

பாலகணேஷ்: ம்... படிக்கையிலயே வட்டி ஏறியிருக்கும். வேல தேட ஒரு வருசம் விடுவாவ, அப்பவும் ஏறும்.

முருகேஸ்வரி: எல்லாரும் ‘கட்டக் கட்ட எப்படி கூடுச்சு’ன்னுதான் கேப்பாவ. ஒங்களுக்கு எப்படி இதெல்லாம்...

பாலகணேஷ்: கேள்விப்பட்டதுதான். மாசம் எவ்வளவு போவுது?

முருகேஸ்வரி: எட்டாயிரத்துத் தொள்ளாயிரம். இன்னும் எட்டு வருசம்.

பாலகணேஷ்: சம்பளம்?

முருகேஸ்வரி: இருபத்தெட்டு. ஆரம்பத்துல பதினாலுதான். இன்டர்வியூல எல்லாம் ‘நீ எந்த டிபார்ட்மெண்ட்டும்மா’ன்னு கேட்டுட்டு அனுப்பிருவாவ.

பாலகணேஷ்: இப்போ எதுக்கு இருபத்தெட்டு குடுக்காவ?

முருகேஸ்வரி: சொல்லுதேன். ஹார்பர்ல ஒரு கண்டெய்னர் நிக்கின்னு வைங்க. உள்ள ஐஸ் இறால். கப்பல் ரெண்டு நாள் லேட்டு. காத்து ஏன் மாறுச்சுன்னு கப்பல்காரனுக்குத் தெரியும். பேப்பர் எங்க நிக்கின்னு கஸ்டம்ஸ் ஏஜெண்டுக்குத் தெரியும். கண்டெய்னர குளிரா வைக்க கரண்டுக்கு எவ்வளவு ஆவுதுன்னு யார்டுக்காரனுக்குத் தெரியும். நட்டம் யாரு தலையிலன்னு மூணு பேருக்கும் தெரியாது!

பாலகணேஷ்: ஒங்களுக்குத் தெரியும்.

முருகேஸ்வரி: எனக்குத் தெரியும். அதுக்குத்தான் சம்பளம்.

பாலகணேஷ்: நல்லா சொல்லுதிய. ஆனா போட்ட காசுக்கு...

முருகேஸ்வரி: அதையும் கணக்குப் பாத்தாச்சு. மொத்த சம்பளத்தப் பாக்கக்கூடாது, படிச்சதால கூட வாரத மட்டும் பாக்கணும். என்கூட ஸ்கூல்ல படிச்ச செல்லக்கிளி நெசமாவே பி.காம். அவளுக்குப் பதினேழு. எனக்குப் பதினோராயிரம் கூட. அதுல பேங்குக்குப் போவ...

பாலகணேஷ்: ரெண்டாயிரத்து நூறு. நாலு வருசம் முழிச்சு முழிச்சுப் படிச்சதுக்கு!

முருகேஸ்வரி: சிரிக்காதிய. எட்டு வருசம் கழிச்சு முழுசும் எனக்கு.

பாலகணேஷ்: எட்டு வருசம்... அப்போ நம்ம பிள்ள ரெண்டாங்கிளாஸ் படிக்கும்.

முருகேஸ்வரி: ...நம்ம பிள்ளயா?

பாலகணேஷ்: சும்மா ஒரு கணக்குக்குச் சொன்னேன்.

முருகேஸ்வரி: முழுசா கேட்டுட்டுச் சொல்லுங்க. கல்யாணத்துக்குப் பெறகும் அந்தக் காசு என் சம்பளத்துல இருந்துதான் போவும். ஒங்க வீட்டுல யாரும் நிறுத்தச் சொல்லக்கூடாது. அப்பா கையெழுத்துப் போட்ட கடன். நான் விட்டா அவ்வொ கடையத்தான் விக்கணும்.

பாலகணேஷ்: யாரும் சொல்ல மாட்டாவ. நான் பாத்துக்கிடுதேன்.

முருகேஸ்வரி: நெசமாவா?

பாலகணேஷ்: இப்பமே கீழ போய் எங்கம்மாட்ட சொல்லிட்டுதான் பூ. சரியா?

முருகேஸ்வரி: அப்பாடா... ஒரு வாரமா சோறு எறங்கல. நீங்க வாரதுக்கு முன்னால கேசரிய வாயில வச்சா மண்ணு மாதிரி இருந்துச்சு.

அம்மா: ஏளா, வாரியா, நான் ஏறி வரட்டுமா?

முருகேஸ்வரி: வந்துட்டோம்! வாங்க, போவோம்.

பாலகணேஷ்: ஒரு நிமிசம்... நில்லுங்க. எனக்கும் படிப்பு லோன் ஓடுது. மாசம் ஆறாயிரம்.

முருகேஸ்வரி: அதான் வட்டிக் கணக்கு அப்படி வாயில நிக்கி! அதுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போவுது? தரகர் அண்ணாச்சி ஒங்கள இன்ஜினியர்னுதான சொன்னாவ? இன்ஜினியர் லோன் வாங்காம யாரு வாங்குவா? நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் சேந்து கட்டுவோம்.

பாலகணேஷ்: முழுசா கேட்டுட்டுச் சிரிங்க. ஆறு பேப்பர் அரியர், இன்னும் எழுதவே இல்ல. ஒங்க கடனுக்கு ஒரு டிகிரியாவது இருக்கு... எனக்குக் கடன் மட்டுந்தான்.