அக்காவின் நர்ஸ் உரிமம் குறித்து லொள்ளு கூறியது

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எனக்கு மீசை முளைத்துவிட்டது. இது விசாரணைக்குத் தேவையில்லை என்று எழுத்தர் அண்ணன் சொல்லியும், நான் விட்டுக்கொடுக்காததால் எழுதப்பட்டது.

பெயர்: வீட்டிலும் பள்ளியிலும் லொள்ளு. வயது: பதினாறு. முகவரி: பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தையல் கடை மாடி.

நான் மேற்படி முகவரியில் அம்மாவுடனும் அக்காவுடனும் வசித்து வருகிறேன். அக்கா நர்சிங் படித்தாள். பாடமெல்லாம் வீட்டில் கணினித் திரையில். ஊசியும் கட்டும் கல்லூரிப் பயிற்சிக்கூடத்தில், பொம்மை நோயாளிக்கு. அதன் பிறகு உரிமத் தேர்வில் முதல் முறையிலேயே தேறினாள். அதன் பிறகு, திரை வகுப்புகளில் அவளுக்குப் பதிலாக நான் உட்கார்ந்ததாக யாரோ புகார் கொடுக்க, உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆமாம், உட்கார்ந்தேன். அதைப் பள்ளி முழுக்கச் சொன்னதும் நானேதான். அவள் தூங்கினாள், நான் பாடம் கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு ஒப்பித்தேன். அவள் மார்க்கில் பாதி என்னுடையது. ஆனால் கைரேகை வைத்துத் தேர்வு எழுதியவள் அவள். திரையில் படித்தவளுக்கு என்ன தெரியும் என்பவர்கள் கையை நீட்டட்டும், ஊசி போட்டுக் காட்டுவாள். என்னை உள்ளே போடுங்கள், உரிமத்தை அவளிடம் கொடுங்கள் என்று கூறினேன்.

அதற்கு அதிகாரி, "தம்பி, நீ உக்காந்தது நிஜம்னா அவ வருகை செல்லாது. வருகை இல்லன்னா தேர்வும் செல்லாது. உரிமம் போயிரும். அப்படியே எழுதிக்கட்டுமா?" என்றார்.

வெளி பெஞ்சிலிருந்து அக்கா, "எழுதிக்கோங்க சார். வீட்டுக்குத்தானே வரணும் அவன், வெளக்குமாறு காத்திருக்கு" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு நான் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். அதன் பிறகு கூறுவதாவது: அவள் எந்த வகுப்பிலும் தூங்கியதில்லை. ஒரே ஒரு முறை, அடுப்பில் பால் பொங்கியதால் எழுந்து ஓடினாள். அந்த இடைவெளியில் அவளுடைய முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். டீச்சர் எல்லாரையும் பக்கத்தில் இருப்பவருக்கு நாடி பார்க்கச் சொன்னார். நான் அம்மாவின் மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

"கட்டைவிரல வச்சா உன் நாடியத்தான் எண்ணுவ. யாருடா நீ? அக்காவக் கூப்பிடு" என்றார் டீச்சர். அக்கா வந்து காதைத் திருகி எழுப்பினாள். வகுப்புப் பதிவில் இருக்கிறது, போட்டுப் பார்க்கலாம். நான் படித்த நர்சிங் மொத்தமும் அவ்வளவுதான்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். அவள் தூங்கினாள், நான் ஒப்பித்தேன், பாதி மார்க் என்ற வரிகளை அடித்துவிடச் சொன்னேன். அதிகாரி அடிக்கவில்லை; பக்கத்தில் 'பொய்' என்று என் கையாலேயே எழுத வைத்தார். மற்றது உண்மை.

(ஒப்பம்) லொள்ளு