இருபது நாழிகையைத் தொடாதீர்கள்!

பாகூர் ஏரிப் பாசனக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த் தலைவர் மேர் அவர்களே, வயதாலும் வரப்பாலும் மூத்த பெரியோர்களே, நாற்றுமுடியைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, கீழ மதகுப் பாசனக்காரன் ஜாபர் அலியின் வணக்கம்!

நான் நடுங்குகிறேன். மேடையைக் கண்டு அல்ல, ஓர் எண்ணில் கை வைக்கப் போகிறார்களே என்று!

மதகு ஒன்றுக்குப் போகத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது நாழிகைத் தண்ணீர். ஏன் அந்த எண்? எட்டை ஒன்பதால் பெருக்குங்கள். வந்ததை ஐந்தால், பிறகு ஏழால் பெருக்குங்கள். அதுதான் அது! இருவர் பிரித்தாலும் இடறாது. மூவர் பிரித்தாலும் முறியாது. எழுவர் பிரித்தாலும் எஞ்சாது. பதின்மர் பிரித்தாலும் பங்கம் வராது. ஒன்று முதல் பத்து வரை எதனால் வகுத்தாலும் மீதி வராத எண்களில் இதைவிடச் சிறியது கிடையாது!

“இருபதைக் கழித்து மாட்டுக் குளத்துக்கு விடுவோம், இரண்டாயிரத்து ஐந்நூறு என்று முழுசாக வைப்போம்” என்கிறார்கள். நல்ல மனசுதான். சென்ற போகத்தில் எங்கள் மதகில் அதைத்தானே செய்து பார்த்தோம்? பங்காளிகள் ஏழு பேர். ஆளுக்கு முந்நூற்று ஐம்பத்தேழு. மீதி? ஒன்று! ஒரே ஒரு நாழிகை!

“அதையும் ஏழாப் பிரிச்சுட்டா இன்னாபா?” என்று ஒரு குரல் கேட்கிறது. எப்படி ஐயா பிரிப்பது? ஓட்டை வட்டிலை மிதக்கவிட்டு, அது முழுகினால் ஒரு நாழிகை என்கிறோம். ஏழில் ஒரு பங்குக்கு முழுகும் வட்டிலை எந்தக் கன்னான் அடித்துத் தருவான்?

அந்த ஒன்றுக்காக அண்ணன் சூசைநாதனும் தம்பி மரியசுந்தரமும் மண்வெட்டியை ஓங்கினார்கள். பெற்ற தாய் காசம்மாள் வாய்க்காலுக்குக் குறுக்கே விழுந்தார்.

“மொதல்ல என்ன வெட்டுங்கடா! அப்பால தண்ணி பாய்ச்சுங்க!”

கைதட்டாதீர்கள். அன்று மண்வெட்டி அந்தரத்தில் நின்றது. எல்லா மதகிலும் மீதி விழுந்தால் எல்லா மண்வெட்டியும் நிற்குமா? எல்லா வாய்க்காலிலும் படுக்க நமக்குக் காசம்மாள் இருக்கிறார்களா? குளத்துக்குத் தண்ணீர் வேண்டுமா? மழைக்காலத்தில் கலிங்கு வழியாக வீணாய்ப் போவதைத் திருப்புங்கள். அந்த இருபதை மட்டும் தொடாதீர்கள்!

இருபதைக் கழிக்கலாமா என்று இப்போது கை தூக்கச் சொல்லப் போகிறார்கள். அண்ணன் அந்த வேப்பமரத்தடியில், தம்பி இந்தப் பந்தல்காலருகில். இருவர் தோளிலும் மண்வெட்டி.

பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி சொல்லி நான் அமர்கிறேன். காசம்மா, நீங்கள் மட்டும் உட்காராதீர்கள். கைகளை எண்ணி முடிக்கும் வரை, தாயே, அவர்கள் நடுவிலேயே நில்லுங்கள். வணக்கம்!