வலப்பக்கம் முந்நூறு மீட்டர்

உங்க விசாரணை ஆபீஸ் காபி நன்னாத்தான் இருக்கு சார். டம்ளர்தான் பிசுபிசுங்கறது. பரவாயில்லை, தூக்கிக் குடிச்சுக்கறேன்.

என் பேர் சந்திரமௌலி. மயிலாப்பூர். இருபத்திரண்டு வருஷமா ஆராய்ச்சிக் கப்பல்ல போய்க் கடல்பறவை எண்ணிண்டிருக்கேன். வேலை ரொம்ப சிம்பிள். கப்பலுக்கு வலப்பக்கம் முந்நூறு மீட்டர், பத்துப் பத்து நிமிஷமா, கண்ணை எடுக்காமப் பார்த்து எழுதணும். இரைக்காகக் கப்பல் பின்னாடி வர்றதை எண்ணப்படாது. அது கடலோட கணக்கில்லை, நம்ம எச்சிலோட கணக்கு.

கூட வந்தவன் சிதம்பரநாதன். தி.நகர்ல ஜவுளிக்கடை வச்சிருக்கற குடும்பம். சமையல்கட்டுலேர்ந்து அழுகின மீன்குடலை வாளியில வாங்கிண்டு வந்து பின்பக்கம் கொட்டுவான். பறவை மொய்க்கும். அத்தனையும் தாள்ல ஏத்துவான். அதே கையோட என் பைனாகுலரைத் தொடுவான். துடைச்சுத் துடைச்சுத்தான் கண்ணுல வச்சுப்பேன். தப்புடான்னா, "விடுங்க மாமா, நிறைய பறவை இருந்தாத்தான் அடுத்த வருஷமும் நம்மளைக் கூப்பிடுவாங்க"ன்னு முதுகுல தட்டுவான். சட்டையில செதில் ஒட்டிண்டிருக்கும். மூணு தடவை தோச்சேன், நாத்தம் போகலை.

அன்னிக்குக் காலம்பற மணி பத்து பதினாலு. பின்தளத்துல நாங்க ரெண்டு பேர்தான். சத்தம் கேட்டுத் திரும்பினேன். குடல்ல வழுக்கி, வாளியோட கடல்ல விழுந்துட்டான். நான் தள்ளலை சார், எந்தக் கோவில்ல வேணாலும் சத்தியம் பண்றேன்.

ஆள் விழுந்தா உடனே கத்தணும். கையை நீட்டிக் காமிச்சுண்டே நிக்கணும். ஒரு செகண்ட் கண்ணை எடுத்தாலும் தலை அலையில காணாமப் போயிடும். வருஷாவருஷம் மத்தவாளுக்கு அதைச் சொல்லித் தர்றதே நான்தான்.

என் பத்து நிமிஷத்துல இன்னும் ஆறு நிமிஷம் பாக்கி இருந்தது. நடுவுல விட்டா அந்தத் துண்டுக் கணக்கே பாழ். வலப்பக்கம் திரும்பிண்டேன். நாலு ஆலாப் பறவை வந்தது, எழுதினேன். பின்னாடி "மாமா, மாமா"ன்னு ரெண்டு தரம் கேட்டது. அவன் மேல பறவை கூடிடுத்து. அதை எண்ணலை.

முடிச்சுட்டுத்தான் கேப்டன்கிட்டப் போய்ச் சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் தேடினா. கிடைக்கலை.

அவன் பொண்டாட்டி ஷண்முகப்ரியா வெளியில உட்கார்ந்திருக்கா. உள்ளே வர்றச்சே என் கையைப் பிடிச்சுண்டு, "பார்த்ததும் கத்தினீங்களா சார்?"னு கேட்டா. ஆமாம்மான்னேன். அப்புறம் கையை நன்னா அலம்பிண்டுதான் உங்க முன்னாடி வந்து உட்கார்ந்தேன்.

என் கணக்குத் தாள்ல, அவன் விழுந்த நேரம் பத்து இருபதுன்னு எழுதினது நான்தான் சார். மத்தபடி அந்தத் தாள்ல ஒரு பறவைகூடப் பொய் இல்லை.