எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்

இங்கே காபி நன்றாகவே இருக்கிறது. காவல் நிலையத்துக் காபியை வாயில் வைக்க முடியாது என்று ஹோல்கெர் சொன்னார். போன மாதம் நீங்கள் அவரை இதே நாற்காலியில் உட்கார வைத்திருந்தபோது அவர் ருசி பார்க்கும் நிலையில் இருந்திருக்க மாட்டார். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில் என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்கு விளங்காது.

நான் இணையதளங்கள் அமைத்துக் கொடுக்கிறவன். நம் ஊர் ஸ்டென்விக்கில் பல் மருத்துவமனை, பூக்கடை, ஓட்டுநர் பள்ளி, எல்லாம் என் கைவேலைதான். தளம் அமைப்பது பெரிய வித்தை இல்லை. அதை அமைத்து முடித்த பிறகு, யாரை உள்ளே விடுவது, எந்த அறை வரைக்கும் விடுவது என்பதில்தான் தொழிலே இருக்கிறது. எழுதுகிறவருக்கு எழுத மட்டும் அனுமதி. சரிபார்க்கிறவருக்கு வெளியிட அனுமதி. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அவர் போன அன்றே மூடிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு கடவுச்சொல். காலையில் எழுந்து பல் தேய்ப்பதைப் போல, இதற்குப் புத்திசாலித்தனம் தேவையில்லை, பழக்கம் போதும்.

எங்கள் ஏரிச் சறுக்குச் சங்கத்தின் தளத்தில் அந்தப் பழக்கம் இல்லை. அங்கே எல்லோருக்கும் சேர்த்து ஒரே கணக்குதான். அதன் பெயர் ‘சங்கம்’. கடவுச்சொல் ‘செம்லா’. தவக்காலத்தில் நாம் எல்லோரும் அடித்துப் பிடித்து வாங்கித் தின்கிற அந்தப் பாலாடை ரொட்டிதான். அதையும் ஒரு மஞ்சள் தாளில் எழுதி, சங்கக் கட்டடத்துக் காபி இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். கட்டடத்தின் சாவி வாசல் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும். உள்ளே இருக்கும் கணினியை யாரும் அணைப்பதில்லை.

குளிர்காலம் முழுக்க ஊர் அந்தத் தளத்தைத்தான் பார்க்கிறது என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. ஹோல்கெர் தினமும் உறைந்த ஏரியில் துளை போட்டுப் பனிக்கட்டியின் கனத்தை அளப்பார். பிறகு சங்கத்துக்கு வந்து, முகப்பில் ஏரிமேல் சறுக்கிப் போகும் பாதை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று மாற்றுவார். திறந்திருந்தால் பச்சை, மூடியிருந்தால் சிவப்பு. அந்தப் பச்சையையும் சிவப்பையும் வடிவமைத்தவன் நான். கண்ணாடி போடாமல் பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று பெரிதாக வைத்தேன். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் கைபேசியில் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

நான் சொல்லிப் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சங்கத்தில் தளத்தைத் தொடுகிற எல்லோருக்கும் தனித்தனிக் கணக்கு போட்டுக் கொடுத்தேன், ஒரு காசு வாங்காமல். ஒருவர்கூட ஒரு தடவைகூட அதற்குள் நுழையவில்லை. கேட்டால் சிரிப்பு.

“ஒரு கதவுக்கு எதுக்குப்பா இத்தன சாவி?” என்றார் ஹோல்கெர்.

“நாம ஐஸ் பாக்கறவங்க ஸ்டெலான், பேங்க் நடத்தல,” என்றார் தலைவி மைவோர். “உனக்குச் சந்தேகம் ஜாஸ்தி. நம்ம ஊர்ல யாரு வந்து என்ன பண்ணிடப் போறா?”

வசந்தத்தில் யாரோ ஒரு புண்ணியவான் தன் பழைய சோஃபா விற்பனைக்கு என்று சங்கத்தின் முகப்பிலேயே போட்டுவிட்டார். யார் என்று கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. கண்டுபிடிக்கவும் வழியில்லை, தளத்தின் மாற்ற வரலாற்றைத் திறந்தால் ‘சங்கம்’ மாற்றியது என்று மட்டும் இருக்கும். மைவோர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “சோஃபா வித்துச்சா இல்லையா, அதச் சொல்லு மொதல்ல.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோஃபாவுக்குப் பதில் வேறு ஏதாவது மாறியிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். எல்லோரும் தட்டில் இருந்த ரொட்டியைப் பார்த்தார்கள்.

ஆண்டுக் கூட்டத்தில் முறைப்படி எழுதிக் கொடுத்தேன். அன்று கொடிக்கம்பத்துக்கு என்ன நிறத்தில் வண்ணம் பூசுவது என்பதைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள், எல்லோருடைய கருத்தும் கேட்கப்பட்டது. என் முறை வந்தபோது காபி நேரம் ஆகிவிட்டது. “அடுத்த தடவ எடுத்துக்கலாமே,” என்றார் மைவோர். யாருக்கும் மறுப்பு இல்லை. எங்கள் ஊரில் யாரும் யாரையும் எதிர்க்க மாட்டார்கள். தள்ளிப்போடுவார்கள். கத்திச் சண்டை போட்டாலாவது ஒரு முடிவு கிடைக்கும், இந்தத் தலையாட்டலோடு என்ன செய்வது?

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். வியாழக்கிழமை காலை சங்கத்தில் எல்லோரும் காபிக்குக் கூடுவோம். முறை வைத்துக் காபி போடுவோம், அன்று என் முறை. ஏலக்காய் ரொட்டி வாங்கிக்கொண்டு சீக்கிரமே போய், தொட்டிக்கு அடியிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தேன். முந்தின இரண்டு நாளும் மழை பெய்து பனி இளகியிருந்தது. ஓடை வந்து ஏரியில் சேரும் இடத்தில் ஹோல்கெரின் கைக்கோல் ஒரே குத்தில் உள்ளே போயிருக்கிறது. முதல் நாள் மாலையே அவர் பாதையை மூடிவிட்டார். அதனால் காலையில் அளக்க வரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

கணினி திறந்தே கிடந்தது. நான் சிவப்பைப் பச்சையாக்கினேன்.

தயவுசெய்து என்னை அப்படிப் பார்க்காதீர்கள். அது ஒரு செய்முறை விளக்கம். தீயணைப்புக்காரர்கள் பள்ளியில் மணியடித்துப் பிள்ளைகளை வெளியே ஓட வைப்பதில்லையா? எல்லோரும் காபியோடு உட்கார்ந்ததும் திரையைத் திருப்பி, ‘இதை யார் செய்தது, கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்’ என்று கேட்பது என் திட்டம். யாராலும் முடியாது. அப்போதாவது உறைக்கும். படகுத்துறையில் ‘பாதை மூடல்’ என்ற பலகையும் கயிறும் இருந்தன. கண் உள்ளவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

மைவோரைத் தொலைபேசியில் அழைத்தேன், சீக்கிரம் வரச் சொல்லலாம் என்று. ஆகவே நான் பொறுப்பில்லாமல் நடந்தேன் என்று சொல்ல முடியாது.

“தளத்துல ஒரு முக்கியமான விஷயம் காட்டணும்,” என்றேன்.

“மறுபடியும் பாஸ்வேர்டா?” என்றார். “காபியப் போட்டு வை. வந்து பாக்கறேன், கண்ணு.”

அந்த ‘கண்ணு’. என் வயது ஆளை அப்படிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். உடனே சிவப்புக்கு மாற்றியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். மாற்றியிருந்தால் காட்டுவதற்கு என்ன மிச்சம் இருந்திருக்கும்? வழக்கம்போல இன்னொரு எச்சரிக்கை, இன்னொரு சிரிப்பு. நான் காபி போட்டேன். கோப்பைகளை வரிசையாக வைத்தேன்.

எல்லோரும் வந்தார்கள். ரொட்டி நன்றாக இருக்கிறது என்றார்கள். வழக்கமான பேச்சுகள் முடிந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினேன். இத்தனை வருடங்களில் முதல் முறையாக, நான் காட்டியதை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சொல்லக் கூடாதுதான், ஆனால் அந்த ஒரு கணம் எனக்கு நிறைவாக இருந்தது.

“நான் மூடினேனே,” என்றார் ஹோல்கெர். “நேத்தே மூடினேனே. இத யாரு தொறந்தது?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்,” என்றேன்.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேலங்கிகூடப் போடாமல் கோலையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு ஓடினார். அவருக்குத்தான் முதலில் நினைவு வந்தது, இங்கெயெர்ட் சறுக்கித்தான் வேலைக்குப் போவார் என்று. எதிர்க்கரையில் குடியிருந்த இசை ஆசிரியை. பாதை திறந்திருந்தால் காரை எடுக்க மாட்டார், முதுகுப் பையில் பாட்டுத் தாள்களை வைத்துக்கொண்டு ஏரியைக் கடந்து பள்ளிக்கு வந்துவிடுவார். தன் வீட்டுத் துறையிலிருந்தே இறங்குவார். அங்கே பலகையும் கிடையாது, கயிறும் கிடையாது.

ஓடை முகத்துக்கு அருகில் அவரை எடுத்தார்கள். எடுத்தவர் ஹோல்கெர்தான். பையைக் கழற்றியிருந்தால் பிழைத்திருப்பாரோ என்று பேசிக்கொண்டார்கள். அவருக்கு நல்ல குரல். என் மகளுக்குப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அன்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் பேச்செல்லாம் என்னைப் பற்றியதாகிவிடும். கடவுச்சொல்லைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். இவ்வளவு பெரிய விலை கொடுத்த பிறகு அந்தப் பாடத்தை வீணாக்குவதா என்று நினைத்தேன். என்னை யாரும் சந்தேகப்படவும் இல்லை. தொண்டை வற்ற எச்சரித்தவனை யார் சந்தேகப்படுவார்கள்? நீங்கள்கூட என்னிடம் ஆலோசனைதான் கேட்டீர்கள்.

ஹோல்கெர் பழியைத் தானே எடுத்துக்கொண்டார். கண் மங்கிவிட்டது, மாலையில் மூடிய பிறகு மறுபடி தவறாக அழுத்தியிருப்பேன், என் கைதான், என் கைதான் என்று இதே இடத்தில் உட்கார்ந்து அழுதாராம். நீங்களும் ‘கைத்தவறு’ என்று எழுதி முடித்துவிட்டீர்கள். இப்போது அவர் ஏரிப் பக்கமே போவதில்லை. ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை என்று மைவோர் சொன்னார்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் காபி கொடுத்தார்கள். இங்கெயெர்டின் கணவர் ரூனே கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போனார். என்னிடமும் வந்தார்.

“அவ கேட்டிருக்கா, ஸ்டெலான்,” என்றார். “சும்மா போகல. கேட்டுட்டுத்தான் போயிருக்கா. பாரு.”

பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. தளத்தில் கேள்வி கேட்பதற்கு ஒரு பெட்டி இருக்கிறது, அதுவும் நான் வைத்ததுதான். ‘நேத்து மூடியிருக்குன்னு போட்டிருந்துச்சே, இன்னைக்கு நெஜமாவே தொறந்தாச்சா?’ என்று இங்கெயெர்ட் கேட்டிருந்தார். அதற்குக் கீழே சங்கத்தின் பதில்: ‘தொறந்தாச்சு. ஐஸ் அருமையா இருக்கு. தைரியமா வாங்க.’

ஆமாம், பச்சையை நம்பிச் சங்கத்தில் யாரோ எழுதியது என்று நீங்கள் விட்டுவிட்ட அந்தப் பதிலை எழுதியது நான்தான்.

அந்தக் கேள்வி வந்தபோது நான் காபித் தூளை அளந்துகொண்டிருந்தேன். கணினி டிங் என்றது. பதில் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் ஹோல்கெரைத் தொலைபேசியில் கூப்பிட்டிருப்பார். ஹோல்கெர் ஓடி வந்து சிவப்பாக்கியிருப்பார், யாரோ விளையாட்டாக மாற்றிவிட்டார்கள் என்று மைவோர் சிரித்திருப்பார், எல்லாம் பழைய சோஃபாவின் கதையாக முடிந்திருக்கும். தவிர, வாடிக்கையாளர் கேட்டால் காக்க வைக்காமல் பதில் சொல்ல வேண்டும் என்பது என் நிறுவனத்தின் விதி. பழக்கத்தில் கை எழுதிவிட்டது. அவர் காரில்தான் போவார் என்று நினைத்தேன். உண்மையில், அவரைப் பற்றி அப்போது அதிகம் யோசிக்கவில்லை.

ரூனேயிடம் நான் சொன்னது உண்மை மட்டுமே. “சங்கம்ங்கற பேர்ல யாரு வேணாலும் எழுதலாம், ரூனே. யாருன்னு கண்டுபிடிக்க முடியாது. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்,” என்றேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “நீ ஒருத்தனாவது சொன்னியே,” என்றார்.

மனச்சாட்சி உறுத்தி நான் இங்கே வந்தேன் என்று நினைக்கிறீர்கள். அதைவிட எளிய காரணம். நேற்று சங்கத்தில் அவசரக் கூட்டம். இங்கெயெர்டுக்காக எழுந்து நின்றோம், சிலர் அழுதார்கள். பிறகு பாதுகாப்பு என்ற விஷயத்தை எடுத்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தனிக் கணக்குகள் எல்லாம் தயாராக இருக்கின்றன, இன்றைக்கே தொடங்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“இந்தத் தடவ நாம அசட்டையா இருக்கக் கூடாது,” என்றார் மைவோர், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “பாஸ்வேர்ட மாத்திட்டேன். எல்லாருக்கும் அனுப்பியிருக்கேன், பாருங்க.”

மேசையைச் சுற்றி எல்லோருடைய கைபேசிகளும் ஒன்றாக ஒலித்தன, என்னுடையதும். பழைய கணக்கு, பழைய பெயர், புதிய சொல். ‘இங்கெயெர்ட்’. அழகான யோசனை என்று ஒருவர் சொன்னார். யாருக்கும் மறுப்பு இல்லை. ஒருவர் அதை மஞ்சள் தாளில் எழுதி, காபி இயந்திரத்துக்கு மேலே ஒட்டப் போனார்.

ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான், சொல்லுங்கள். ஒரு உயிர் போயும் இவர்களுக்கு உறைக்கவில்லை என்றால் நான் இன்னும் என்னதான் செய்ய முடியும்? அதனால்தான் வந்தேன். கைத்தவறு என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். நிறத்தை மாற்றியது நான், பதில் எழுதியது நான், அவர் ஏரியில் இறங்குவார் என்பதைக் காட்டுகிற எல்லாமும் என் கண் முன்னால் இருந்தது. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இது அந்தப் பொதுக் கணக்கிலிருந்து நடந்தது என்பதையும் தெளிவாக எழுதுங்கள். ஊர் அதைத்தான் படிக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் என் பெயரில் உள்ள தனிக் கணக்கைத் திறந்து பாருங்கள். நான் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரை, அதில் ஒரு தவறுகூட உங்களுக்குக் கிடைக்காது.