மஸ்கறேன் வீட்டார்

உங்கள் பூட்டனார் எந்த ஊர் என்று கேட்டால் கோபிக்கிற மனிதரை நான் இன்னும் காணவில்லை. வேறு எதைக் கேட்டாலும் இந்த நகரத்தில் சனம் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டுதான் பதில் சொல்லும். அகதிக் கேஸ் முடிந்ததா, மகள் ஏன் தனியே இருக்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள், முகம் கறுத்துவிடும். வம்சத்தைப் பற்றிக் கேட்டால் உள்ளே கூப்பிட்டு, சோபாவில் இருத்தி, அலுமாரிக்கு மேலே கிடக்கிற படப் பெட்டியையும் இறக்கி வைப்பார்கள்.

மஸ்கறேன் வீட்டாருக்குள் நான் போனது அப்படித்தான், ஐயா. ஒருவருடைய வீட்டுக்குள்ளும் நான் பலவந்தமாக நுழையவில்லை. மொழிபெயர்க்கிற தங்கச்சி இதை முதலில் சொல்லிவிடட்டும்.

என் பெயர் ஜோசப்பின். ஊர் மன்னார்க் கரை. கணவர் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. ஒரே பிள்ளை, ஜெறோம். எண்பத்தைந்தில் அவனுக்குப் பத்தொன்பது வயது. அந்த வருடம் ஒரு நாள் காலை ஆமி எங்கள் ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்பிள்ளைகளைக் கோயில் வளவில் முழங்காலில் இருத்தியது. ஜீப்புக்குள் ஒருவன் சாக்கைத் தலையில் கவிழ்த்தபடி இருந்தான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. பிள்ளைகளை ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடத்தினார்கள். அவன் தலையை ஆட்டினால் மதில் பக்கம், ஆட்டாவிட்டால் திரும்பவும் வளவுக்குள். அந்தத் தொழில் செய்தவர்களை எங்கள் சனம் தலையாட்டி என்று சொல்லும். ஜெறோம் போய் நின்றபோது அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு ஆட்டினான்.

மதிலுக்குப் பின்னால் வைத்துச் சுட்டார்கள். எங்களை அவர்கள் போகவிட்டபோது நான் ஜெறோமைச் சட்டையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பின்னந்தலை இருக்கவில்லை. கிடந்ததை மணலோடு சேர்த்து அள்ளிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தேன். இதையெல்லாம் உங்கள் மனதை இளக்கச் சொல்லவில்லை. நடந்ததைக் கேட்டீர்கள், சொல்கிறேன்.

ஜீப் புறப்படுகிற நேரம் ஆமிக்காரன் ஒருவன் அந்தச் சாக்குக்காரனின் முதுகில் தட்டி, "மஸ்கறேன், போவம்" என்று சிங்களத்தில் சொன்னான். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. ஒரு குடும்பப் பெயர். எங்கள் ஊரில் அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை. அங்கால் இரண்டு மூன்று ஊர்களில் சில வீடுகள் இருந்தன என்று கேள்விப்பட்டேன். தேடிப் போவதற்குள் அந்த ஊர்களும் எரிந்து, சனம் இந்தியா, ஜெர்மனி என்று சிதறிவிட்டது.

தொண்ணூற்றொன்றில் நான் இங்கே, கனடாவுக்கு வந்தேன். பார்க்டேலில் ஒரு அறை. ஆஸ்பத்திரி ஒன்றில் துணி தோய்க்கிற வேலை. முதல் பனிக்காலம் வேலைக்குத் தவிர வெளியே போகப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். பொழுது போகாமல் ரெலிபோன் புத்தகத்தைப் புரட்டினால், அந்தப் பெயர் இருக்கிறது. ஒன்றில்லை, பல பேர், பல விதமான எழுத்தில்.

ஒவ்வொரு நம்பராக அடித்தேன். முதலில் எடுத்தது ஒரு கோவாக்காரி. தன் பெயர் கோவாவிலிருந்து வந்தது, மன்னாரை வரைபடத்தில்கூடக் கண்டதில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி, நான் தடுமாறுவதைக் கேட்டு இரங்கி, பன்றி இறைச்சிக்கு வினாகிரி எப்போது விடவேண்டும் என்றும் சொல்லித் தந்தாள். இன்னொருவர் போர்த்துக்கேயர், வீடு கட்டுகிறவர். அவருக்கும் எனக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடைசியில் எங்கள் ஆட்களின் குரல் கேட்டது. "ஓம், ஆர் கதைக்கிறது?" என்றது.

கோயில் திருநாள் மலருக்கு மன்னார்க் குடும்பங்களின் வரலாறு எழுதுகிறேன் என்று சொன்னேன். பொய்தான். ஆனால் சொல்லச் சொல்ல அது உண்மையாகிவிட்டது. ஒரு வீட்டார் அடுத்த வீட்டாரைக் காட்டினார்கள். போர்த்துக்கேயப் பறங்கியர் காலத்தில் ஒரு முத்துக் குளிக்கிறவனுக்கு ஒரு கப்பித்தான் தலைதொட்டப்பனாக, ஞானத் தகப்பனாக நின்று ஞானஸ்நானம் கொடுப்பித்தான், அந்தக் கப்பித்தானின் பெயர்தான் இது என்றார்கள். அந்த முத்துக் குளிக்கிறவனுக்கு இரண்டு பெண்சாதி, அதனால் இரண்டு கிளை. கரைவலை இழுக்கிற கடற்கரைப் பாடு யாருக்குச் சொந்தம் என்று அவர்களுடைய பேரன்மார் வெட்டுக்கொத்துப்பட்டு, இரண்டு கிளையும் கதை பேச்சில்லாமல் போனது. அந்தப் பகை கப்பல் ஏறிக் கனடாவுக்கும் வந்திருந்தது. மார்க்கம் நகரில் இருந்த கிளையும் மிசிசாகாவில் இருந்த கிளையும் ஒரே பூசைக்கு வந்து வேறு வேறு வாசலால் போனார்கள்.

அவர்களை நான்தான் சேர்த்துவைத்தேன். ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில், கோடையில், ஒன்றுகூடல். கிழவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்கு ஒரு சேலை தந்து, மேடை மாதிரி ஒரு மர வாங்கில் ஏற்றி நிறுத்திக் கைதட்டினார்கள். நான் அங்கே நின்று ஆண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்குக்கு வெளியே நான் கண்டது இரண்டு கைகள். இளந்தாரிக் கைகள். அந்த வயதுக்கு ஒத்துவருகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் சிலபேர்தான்.

எட்வேட் அவர்களில் ஒருவன். விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிற வேலை, மிசிசாகாவில் வீடு, மனைவி செலீன், இரண்டு பெண்பிள்ளைகள், தாய் றோஸ்மேரி. நல்ல பிள்ளை. பஸ்ஸில் போகவிடமாட்டான். "இருங்கோ அன்ரி, நான் கொண்டுபோய் விடுறன்" என்று பார்க்டேல் வரைக்கும் காரோட்டி வருவான். அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. நீங்கள் கதைக்கும்போது குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருப்பான். கேட்டு முடிந்ததும் கொஞ்சம் யோசித்து, மெல்லத் தலையை ஆட்டுவான்.

அதை முதன்முதல் கண்ட அன்று அவன் எவ்வளவு மறித்தும் கேளாமல் நான் பஸ்ஸில் போனேன்.

அதன்பிறகு அந்த வீட்டுக்கு அடிக்கடி போனேன். றோஸ்மேரிக்கும் எனக்கும் ஒரே வயது, இரண்டுபேரும் தாலியறுத்தவர்கள். அவளுக்கு என்னில் நல்ல பிரியம். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டாள், இல்லை என்றேன். அதுவும் பொய்யில்லைத்தானே. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து குசினியில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். எட்வேட் வெளியே பிள்ளைகளின் சைக்கிளைத் திருத்திக்கொண்டிருந்தான். அவள் திடீரென்று சொன்னாள்.

"ஜோசப்பின், எங்கட ஆக்கள் எல்லாரையும் எழுதுறியள். றொனால்டை மட்டும் எழுதவேண்டாம்."

"ஆர் றொனால்ட்?"

"என்ர மூத்தவன். எட்வேட்டின்ர தமையன். ஆமி பிடிச்சுக் காம்பில வச்சு நகமெல்லாம் பிடுங்கிப்போட்டு, சாக்கைப் போட்டு ஊரூராக் கொண்டு திரிஞ்சவங்கள். உங்கட ஊருக்கும் வந்தவன். அவனை விட்ட பிறகு வீட்டில ஒரு கிழமைகூட இருக்கேல்லை. கிணத்துக்க விழுந்து செத்துப்போனான்."

கீரைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள். எத்தனை தாய்மாரின் வயிறு எரிந்திருக்கும், அவர்களிடம் போய் விழுந்து மன்னிப்புக் கேட்க முகமில்லை என்றாள். பிறகு யன்னலால் வெளியே எட்வேட்டைப் பார்த்தாள்.

"உவன் மட்டும் இல்லையெண்டால் நானும் அந்தக் கிணத்துக்கதான் போயிருப்பன்" என்றாள்.

நான் அவளை அணைத்துக்கொண்டேன். நடிக்கவில்லை. கீரையை நான்தான் சமைத்தேன், சாப்பிட்ட கோப்பைகளையும் கழுவிவைத்தேன். அன்றைக்கு எட்வேட் காரில் கொண்டுவந்து விடும்போது எனக்குப் பெரிய நிம்மதி. அவனில்லை. அவனாக இருக்கக்கூடாது என்று உள்ளுக்குள் எத்தனை நாள் மன்றாடியிருப்பேன். அவனை எனக்குப் பிடித்திருந்தது, ஐயா. அவன் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் மிச்சத்தையும் செய்தேன். ஆள் மாறாட்டத்தில் நடந்தது என்று உங்கள் பேப்பரில் எழுதியிருந்தால் அதை வெட்டிவிடுங்கள்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. செத்தவனை நினைக்கவில்லை. அவன் கிணற்றோடு போய்விட்டான். றோஸ்மேரி யன்னலால் பார்த்த பார்வைதான் கண்ணுக்குள் நின்றது. எனக்கும் அப்படிப் பார்க்க ஒரு முற்றமும் ஒரு பிள்ளையும் இருந்தன. அவளும் நானும் ஒன்று என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றில்லை. அவளுக்கு அந்த யன்னல் இன்னும் இருந்தது.

சனிக்கிழமை மதியம் எட்வேட்டைக் கூப்பிட்டேன். வம்சமரத்தைப் பெரிய மட்டையில் கீறி முடித்துவிட்டேன், வந்து கொண்டுபோ தம்பி என்றேன். வேலை முடிந்து நேரே வந்தான். இரும்பு வைத்த சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, ஒரு பை தோடம்பழத்தையும் மேசையில் வைத்தான். நான் அறக்குளா மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஐசில் கிடந்த மீன், கல்லுமாதிரி. சீனக்கடையில் வாங்கின பாரமான கத்தி. "விடுங்கோ அன்ரி, நான் வெட்டித் தாறன்" என்றான். வேண்டாம், இரு என்றேன்.

கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே ஜெறோமைப் பற்றிச் சொன்னேன். கோயில் வளவு, ஜீப், மதில், சேலைத் தலைப்பு, எல்லாம். இந்த நாட்டில் நான் ஒருவருக்கும் சொல்லாத கதை. அவன் தலையைக் குனிந்து கேட்டான். முடிந்ததும் கொஞ்சம் யோசித்து, தலையை ஆட்டினான்.

"அண்ணைதான் அன்ரி" என்றான். "அவனுக்காக நான் உங்கட காலில விழுறன்."

விழுந்தான். குனிந்த கழுத்து எனக்கு நேரே இருந்தது. நான் கூப்பிட்டபோது எங்கே, எப்படி என்று நினைத்து வைத்திருக்கவில்லை. அந்த இடத்தை அவனே கொண்டுவந்து வைத்தான்.

முதல் வெட்டு எலும்பில் பிடித்துக்கொண்டது. தோளில் காலை ஊன்றித்தான் கத்தியை இழுத்தெடுத்தேன். அவன் கையை ஊன்றி வாசல் பக்கம் ஊர்ந்தான். நிலமெல்லாம் வழுக்கியது, நானும் ஒருமுறை விழுந்தேன். சப்பாத்துக் கிடந்த இடத்துக்குப் போனதும் அம்மா என்று கூப்பிட்டான். யாருக்கும் அந்த நேரத்தில் வருகிற சொல் அதுதான். ஜெறோமும் கூப்பிட்டிருப்பான், சூட்டுச் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது. எட்வேட் தனியே போகக்கூடாது என்று நான் "ஓம் ராசா" என்றேன். பிறகு பின்னந்தலையில் வெட்டினேன். அவன் அசையாமல் போன பிறகும் வெட்டினேன். அது எந்தமாதிரி இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், அந்தமாதிரி வருமட்டும் வெட்டினேன்.

கை கழுவி, தோய்த்த படுக்கை விரிப்பு ஒன்றால் மூடிவிட்டு, கீழே போய்க் கட்டடத்தைப் பார்க்கிற மனிசனிடம் பொலிசைக் கூப்பிடச் சொன்னேன். அவர் என் சட்டையைப் பார்த்துவிட்டு ஓடினார். நான் படியில் இருந்தேன். உங்கள் ஆட்கள் வந்தபோதும் அங்கேதான் இருந்தேன்.

கவலை இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். செலீனையும் பெண்பிள்ளைகளையும் நினைத்தால் கவலைதான். அவள் இளம் பெண், அந்தப் பிள்ளைகள் பாவம். அவர்களோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. றோஸ்மேரியோடும் இல்லை, ஐயா. நான் அவளுக்குக் கெடுதி செய்தேன் என்று இந்தத் தங்கச்சி நினைக்கிறாள், முகத்தில் தெரிகிறது. இல்லை. இத்தனை வருடமும் என் துக்கத்தை நான் யாரோடு கதைப்பது? சொன்னால் உச்சுக்கொட்டுவார்கள், பிறகு தங்கள் பிள்ளைகளைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஒரு உதவி கேட்கிறேன். அந்த ரெலிபோனை இங்கால் கொஞ்சம் தள்ளிவிடுங்கள். வீடு நிறையச் சனம் வந்திருக்கும், ஒருவருக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. றோஸ்மேரி இப்போது என்னைத்தான் தேடிக்கொண்டிருப்பாள்.