எல்லாம் கப்பி மீனுக்காக

தேத்தண்ணிக்கு நான் சீனி போடுவதில்லை. நீரிழிவு. கடையில் விற்கிற சின்ன வெள்ளை இனிப்புக் குளிசை ஒன்று போதும். பிறகு நான் எதையோ மறைத்தேன் என்று ஒருவரும் சொல்லக்கூடாது, அதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்களுக்கு அடுத்த வீடு செல்வரத்தினம். கப்பி மீன் வளர்க்கிறவர். ஆண் கப்பிக்கு வால் மயில்தோகை மாதிரி. பெண் கப்பி கழுவி வைத்த கரண்டி மாதிரி. வருடாவருடம் மீன் கண்காட்சிக் கோப்பை அவருக்குத்தான். வேலியால் எட்டிப் பார்த்து, "என்ர தொட்டியிலை பேரப்பிள்ளையளும் பிறந்திட்டுது அண்ணை. உங்கட வீட்டிலை?" என்பார்.

மருமகள் றொசாந்தி சட்டம் படிக்கிறாள். கடைசிப் பரீட்சை முடியும்வரை பிள்ளை வேண்டாம் என்பது அவளுடைய முடிவு. மகன் மிதுலன் தலையாட்டினான். நானும் ஆட்டினேன். ஞாயிறுதோறும் என் பிரஷர் குளிசைகளை நாள்வாரியாகப் பச்சைப் பெட்டியில் பிரித்துப் போடுவாள். தன் கருத்தடைக் குளிசைகளைப் பக்கத்தில் ஊதாப் பெட்டியில். கவனமான பிள்ளை.

அந்தக் குளிசையில் செயற்கை ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்திருக்கிறதென்று பேப்பரில் படித்தேன். அந்த ஈஸ்ட்ரோஜன் கழிவுநீரோடு ஆற்றுக்குப் போனால் ஆண் மீனுக்கும் வயிற்றில் முட்டை வருமாம். எனக்கு அடுத்த வீட்டு ஞாபகம் வந்தது.

ஊதாப் பெட்டியில் நாலு குளிசை எடுத்தேன். வெறும் பெட்டியைக் கண்டால் பிள்ளை பதறும் என்று, அந்த இடத்தில் என் இனிப்புக் குளிசைகளைப் போட்டேன். ரயிலுக்கு ஓடுகிற அவசரத்தில் காப்பியோடு விழுங்குகிறவளுக்கு இனிப்பு தெரியாது. செல்வரத்தினம் ஊரில் இல்லாதபோது மீனுக்குத் தீன் போட வீட்டுத் திறப்பை என்னிடம்தான் தருவார். நாலையும் தொட்டியில் கரைத்துவிட்டேன். கண்காட்சிக்குள் வால்கள் வெளிறிவிட்டன. போன வருடம் கோப்பை வாங்கிய மீன், என்னைக் கண்டதும் தலையைக் குனிந்து பாசிக்குப் பின்னால் ஒதுங்கியது.

நாலு குளிசையோடு வேலை முடிந்தது. ஆனால் தொடங்கிய காரியத்தை அரைவாசியில் விடுகிற பழக்கம் எனக்கில்லை. மூன்று மாதம் மாற்றினேன். எடுத்ததைக் கழிவறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். தேம்ஸில் ஆண் மீன் மிச்சம் இருக்கிறதோ தெரியாது.

பரீட்சையும் ஜூனில், பிள்ளையும் ஜூனில் என்றாகிவிட்டது. றொசாந்தி குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். மிதுலன் குளிசை செய்தவர்களைத் திட்டினான். நானும் சேர்ந்து திட்டினேன்.

போன கிழமை அவள் கேட்டாள்: "என்ன மாமா, உங்கட இனிப்புக் குளிசை இவ்வளவு கெதியா முடியுது?"

"தேத்தண்ணி கூடிப் போச்சு பிள்ளை."

ஊதாப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவ்வளவும் மீனுக்காகத்தான் செய்தேன். பேரனுக்கு ஒரு பெயர் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தது வேறு விஷயம்.

இந்த ஞாயிறும் றொசாந்தி வழமைபோல என் பச்சைப் பெட்டியை நிரப்பிவைத்தாள். நேற்றைய பிரஷர் குளிசை இனித்தது. இன்றையதும் இனித்தது. தலை கொஞ்சம் சுற்றுகிறது. கவனமான பிள்ளை, தெரியாமல்தான் மாறிப் போட்டிருப்பாள்.